வலப்பக்கச் சுவர்

வெல்டர் வீட்டுப் பெரியவருக்கு ஒன்றரை வருடம் நான்தான் படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றினேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. அதற்கு முன் அந்தத் தெருவில் இரண்டு வீடு, அடுத்த தெருவில் ஒரு வீடு. எல்லோருக்கும் நான் கம்பவுண்டர். என் பெயரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த வீட்டுக்குள் பட்டறை வழியாகத்தான் போகவேண்டும். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருப்பார்கள். குனிந்து நுழைந்தால் இரும்புத்தூளும் எரிந்த பெயிண்டும் கலந்த நெடி மூக்கில் ஏறும். சுவரில் சாய்த்த கேட்டுகள், பாதி முடிந்த ஜன்னல் கிராதிகள், தரையெல்லாம் தீப்பொறி விழுந்த கறுப்புப் பொட்டுகள். பட்டறைக்குப் பின்னால் ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் பெரியவர் படுத்திருக்கும் அறை. பட்டறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். கிரைண்டர் ஓடினால் அவர் கட்டில் அதிரும்.

பட்டறையை ஆரம்பித்தவர் பெரியவர்தான். ஆறடி ஆள். ஒரு கேட்டைத் தனியாகத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடப்பாராம். பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் கொண்டுபோயிற்று. நாக்கிலிருந்தும் பாதிச் சொற்களைப் பிடுங்கிக்கொண்டது, வசவுகளை மட்டும் எதற்கோ பத்திரமாக விட்டுவைத்தது. மருமகள் கஞ்சி ஊட்டினால் ஒரு வசவு. நான் பிளாஸ்டரை உரித்தால் ஒரு வசவு. மகனுக்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்: "நொண்டி."

வெல்டருக்கு அப்போது ஐம்பது வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான் நடப்பார். ஆறு வயதில் மாடிப்படியில் தடுக்கி விழுந்ததால் அப்படி ஆயிற்று என்று தெருவுக்கே தெரியும். நின்றுகொண்டு செய்யும் வேலையைப் பாதி உட்கார்ந்து செய்வார், ஆனால் கை சுத்தம். பற்றவைத்த இடத்தை விரலால் தடவினால் எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்று தெரியாது.

தினமும் காலையில் நான் பையைத் திறப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரு கையை அப்பாவின் கழுத்துக்கடியில் கொடுப்பார், இன்னொன்றை முழங்காலுக்கடியில். அந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த உடம்பைத் தூக்கி, தானே செய்த சக்கர நாற்காலியில் உட்காரவைப்பார். நான் விரிப்பை மாற்றுவேன். மறுபடி தூக்கிப் படுக்கவைப்பார். "நொண்டி, மெதுவா" என்று ஒரு குரல் வரும். அவர் பட்டறைக்குப் போய்விடுவார். கட்டிலின் இடது ஓரத்தில் பெரியவர் நல்ல கையால் பிடித்துப் புரண்டுகொள்ள ஒரு இரும்புக் கம்பியும் அவர்தான் வைத்துக் கொடுத்திருந்தார். இப்படி ஒரு பிள்ளையா என்று நான் பல வீடுகளில் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயது. பதிப்பகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பாள். வலது கை விரல்களில் எந்நேரமும் கறுப்பு மை ஒட்டியிருக்கும் என்பதால் தெருவில் 'மைக்கை' என்று பட்டப்பெயர். சமையலறை மேஜையில் ஒரு ஓரத்தில் அம்மா காய் நறுக்குவாள், மறு ஓரத்தில் இவள் மைப்புட்டியைத் திறந்து வைத்து நிப்பைத் தொட்டுத் தொட்டு வரைவாள். "மைய என் பாத்திரத்துல கொட்டுன, உன்னைத்தான் சமைப்பேன்" என்று அம்மா தினம் ஒரு தடவை சொல்வாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு புத்தக வேலை வந்தது. கிரேக்கக் கதைகள், பெரியவர்களுக்கானது, பன்னிரண்டு படம். பெரியவர் அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து தாத்தாவின் தலையைப் பென்சிலில் எடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தாடி, புடைத்த நெற்றி, கொக்கி மூக்கு. பட்டறையில் அப்பா உட்கார்ந்து வேலை செய்கையில் அவர் காலையும் வரைந்துகொண்டாள்.

ஒரு நாள் நான் கட்டை முடித்துவிட்டுக் கை கழுவச் சமையலறைக்குப் போனேன். வெல்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, இது எப்படி இருக்கு?"

முழுக்கக் கறுப்பு மை. மேலே மேகத்துக்குள்ளிருந்து ஒரு ராட்சசக் கிழவன் குனிகிறான். தாடி புயல்போல் ஒரு பக்கம் பறக்கிறது. அவன் கை ஒரு சின்ன உடம்பின் இடது காலைக் கணுக்காலோடு பிடித்து வீசிவிட்டிருக்கிறது. விரல்கள் இப்போதுதான் திறந்திருக்கின்றன. தலைகீழாக விழுகிற அந்த உடம்புக்கு வாய் திறந்திருக்கிறது. கீழே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

"யாரு இது?" என்றார் வெல்டர்.

"ஹெபெஸ்டஸ். இரும்பு வேலைக்குக் கடவுள், உங்க ஆளு. அப்பாவும் அம்மாவும் சண்டை போடறாங்க, இவன் அம்மா பக்கம் பேசறான். அப்பனுக்குக் கோவம். காலைப் பிடிச்சு மேலேர்ந்து எறிஞ்சிடறான். ஒரு பகல் பூரா விழுந்துக்கிட்டே இருந்தானாம். அதுல கால் போயிடுது."

வெல்டர் டீயைக் கீழே வைத்தார். நிதானமாகத்தான் வைத்தார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"எதைப்பா? கதையில இருக்கு. ரெண்டு மூணு விதமா சொல்றாங்க, நான் இதை எடுத்துக்கிட்டேன்."

"அத்தை சொன்னாளா?"

"அத்தைக்கு கிரேக்கக் கதை எங்கேப்பா தெரியும்?" என்று அவள் சிரித்தாள். "தாத்தா மூஞ்சியப் போட்டதுக்குக் கோவமா? தாடிக்காகத்தாம்ப்பா எடுத்தேன். நல்லா வாட்டமா இருந்துச்சு."

அவர் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "வேலை முடிஞ்சதும் இது எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னார்.

பதிப்பகம் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த வாரம் நான் போனபோது வெல்டர் ஆங்கிள் இரும்பில் சட்டம் ஒன்று செய்துகொண்டிருந்தார். மூலைகளை நாற்பத்தைந்து பாகையில் வெட்டி, நாலு பக்கமும் ஓட்டை போட்டு வைத்திருந்தார்.

"படத்துக்கா இத்தனை கனமா? கேட்டே செய்யலாம் போலருக்கே" என்றேன்.

"உக்காருங்க கம்பவுண்டரே" என்றார். கிரைண்டரை நிறுத்தவில்லை. மூலையைத் தேய்த்துக்கொண்டே, இரைச்சல் அடங்குகிற இடைவெளிகளில் மட்டும் பேசினார்.

"அம்மா மொட்டை மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. இவரு மேல வந்து அடிக்க ஆரம்பிச்சாரு. எதுக்குன்னு தெரியாது. எதுக்குன்னு இருந்தாத்தானே தெரியும்."

கிரைண்டர்.

"நான் போயி அவரு தொடையைக் கட்டிக்கிட்டேன். விடல. கடிச்சேன். காலைப் பிடிச்சுத் தூக்குனாரு. தூக்குனதும் விளையாட்டுக் காட்றாருன்னு நெனச்சேன். சத்தியமா. சிரிச்சேன்னு நெனைக்கிறேன்."

கிரைண்டர்.

"கீழே குழாய் அடுக்கி வெச்சிருந்துச்சு. அதுல விழுந்ததால கால் போச்சு, தலை தப்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே அம்மா சொல்லிக் கொடுத்துட்டா. படியில விழுந்தேன்னு சொல்லுடா கண்ணு, இல்லேன்னா அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க, அப்புறம் சோறு கிடைக்காதுன்னா. நாப்பத்திநாலு வருஷமா சொல்றேன். என் பொண்டாட்டிகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பாதி நாளு எனக்கே படியில விழுந்த மாதிரிதான் ஞாபகம் வரும்."

"பெரியவர் ஒரு வார்த்தைகூட...?"

"சொன்னாரே. நொண்டின்னாரு."

நான் சட்டத்தின் ஓட்டைகளைப் பார்த்தேன். "படத்தை எங்கே மாட்டப் போறீங்க?" என்றேன்.

"அவரு ரூம்லதான்."

வலது பக்கச் சுவரில் நாலு ஓட்டை போட்டு, போல்ட் வைத்து முடுக்கினார். அதற்கு முன் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தக் கட்டிலிலேயே வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கண் எந்த உயரத்தில் போகிறது என்று பார்த்துக்கொண்டார். நான்தான் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பெரியவர் முதலில் படத்தைச் சும்மா பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார். தாடியைக் கண்டுகொண்டார் போல, நல்ல கை மெல்ல மேலெழுந்து தன் மோவாயைத் தொட்டது. பிறகு அந்தப் பறக்கிற கால். மகனைப் பார்த்தார். வெல்டர் முக்காலியை இழுத்துப் படத்துக்கடியில் போட்டு உட்கார்ந்து டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

"உங்க பேத்தி வரைஞ்சதுப்பா. நல்லா இருக்கா?"

அன்று பெரியவர் வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய புண் இடது இடுப்பில். இடது பக்கமும் மல்லாக்கவும் படுக்கவே கூடாது, வலது பக்கம் ஒருக்களித்துத்தான் கிடக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படிக் கிடந்ததால்தான் உள்ளங்கை அகலம் இருந்த புண் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. வலது பக்கம் படுத்தால் முகத்துக்கு நேரே படம்.

மறுநாள் நான் போனபோது இடது பக்கம் புரண்டு, புண்ணை அழுத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கிடந்தார். நான் திருப்பிப் போட்டேன். கட்டுப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், இடது கையால் கம்பியைப் பிடித்து இழுத்து, மூச்சு வாங்க வாங்க, மறுபடி இடது பக்கம். கட்டு நனைந்திருந்தது.

"மாமா நாள் பூரா இப்படித்தான் பண்றாரு" என்றாள் மருமகள். "தலைகாணி வெச்சு அண்டக் குடுத்தேன், தள்ளிவிட்டுட்டாரு."

"கண்ணை மூடிக்கிட்டாவது இந்தப் பக்கம் படுங்க" என்றேன்.

"மூடினா... இன்னும்..." என்றார். மிச்சச் சொல் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் புண் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பத்தாம் நாள் ஓரம் கறுத்தது. ஈரக்காற்றில் அறை முழுக்க அந்த வாடை. இடுக்கியில் பஞ்சைப் பிடித்து உள்ளே விட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வெல்டர் தினமும் வந்து அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார், படுக்கவைத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு முக்காலியில் உட்கார்ந்து டீ. கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பார், இவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீ முடிய அரை மணி நேரம் ஆகும்.

பட்டறையில் அவரை மடக்கினேன்.

"இன்னும் ரெண்டு நாள்ல எலும்பு தெரிஞ்சிடும். அப்புறம் காய்ச்சல் வரும். அப்புறம் நான் வரவேண்டிய வேலையே இருக்காது."

"நான் என்ன அவரைக் கட்டியா போட்டிருக்கேன்? அந்தப் பக்கம் படுங்கன்னுதானே நீங்களும் சொல்றீங்க, நானும் சொல்றேன்."

"படத்தைக் கழட்டுங்க வெல்டரே."

"சுவத்துல ஒரு படம் மாட்டுறது குத்தமா? எத்தனை வீட்டுல மாட்டியிருக்கான்."

"கொலைங்க இது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. "அன்னிக்கு மாடியில அவரு செஞ்சது என்னன்னு யாராவது அவருகிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு வெல்டிங் ராடை எடுத்து ஹோல்டரில் செருகினார்.

மகளுக்கு விஷயம் அம்மா மூலம் தெரிந்தது. கணவன் சொல்லாமலே, படம் வந்தபிறகு மாமனார் கிடந்த கிடையைப் பார்த்தே அம்மா பாதி புரிந்துகொண்டிருந்தாள். மீதியை அவரிடமே கேட்டு வாங்கிவிட்டாள். மைக்கை மூன்று நாள் நிப்பைத் தொடவில்லை. நாலாம் நாள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"என் படத்தை எனக்குக் குடுங்க."

"எனக்குக் குடுத்தது உனக்கு எப்படி ஆகும்?"

"நான் தாத்தாவைச் சாகடிக்க வரையல."

"நீ வரைஞ்சதாலதான் பாப்பா, எனக்கு அது நடந்துச்சுன்னே உறுதியாச்சு" என்றார். "தொடாதே."

அவள் அத்தைக்குப் போன் போட்டாள். வெல்டரின் அக்கா பஸ் பிடித்து மறுநாள் காலையே வந்து இறங்கினாள். எட்டு வயதில் மாடியில் நின்று பார்த்தவள் அவள். பருத்த உடம்பு, மூட்டுவலி, நுழைந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புண்ணைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய் தம்பி, இங்க வாடா."

வெல்டர் வந்தார். பின்னாலேயே மனைவியும் மகளும்.

"எதுக்குடா இதெல்லாம்? ஆனது ஆகிப்போச்சு. அம்மாவும் போயிட்டா. இனிமே கிளறி என்னடா கிடைக்கப் போவுது?"

"நான் கிளறலக்கா. படம்தானே மாட்டியிருக்கேன்."

"அவருக்கு எண்பது வயசுடா!"

"எனக்கு ஆறு வயசுக்கா."

பிரித்த கட்டோடு பெரியவர் கம்பியைப் பிடித்து மறுபடி ஜன்னல் பக்கம் புரண்டுவிட்டார். வெளியே பட்டறைத் தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. வெல்டர் கட்டிலைச் சுற்றி ஜன்னல் பக்கம் போய், பெரியவர் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார். வளைந்த காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டார்.

"அப்பா, படத்தை எடுக்கணுமா?"

பெரியவர் தலையை அசைத்தார்.

"எடுத்துடறேன். என்ன நடந்துச்சுன்னு இவங்க எல்லாரும் கேக்க உங்க வாயால சொல்லுங்க. உடனே எடுத்துடறேன்."

"அவருக்குத்தான் பேச வரலையேங்க" என்றாள் மனைவி.

"வர்ற வரைக்கும் வரட்டும்."

கிழவர் உதட்டை நக்கிக்கொண்டார். எனக்கு இடுக்கியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நான்..." என்றார். "நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"போட்டேன்."

"எங்கேர்ந்து?"

"மாடி."

"யாரைப்பா?"

கிழவர் கண்கள் அறையைச் சுற்றின. மருமகளிடம் போயின, பேத்தியிடம் போயின, என்னிடம் வந்தன. அந்தப் பெயரைத் தேடுகிறார் என்று எனக்குப் பட்டது. பெற்ற பிள்ளைக்குத் தானே வைத்த பெயர், அதுவும் பக்கவாதத்தோடு போயிருக்கவேண்டும். கிடைத்ததைச் சொன்னார்.

"நொண்டிய."

மகள் "ஐயோ தாத்தா" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

வெல்டர் சின்னப் பிள்ளைக்குக் கணக்கைத் திருத்திச் சொல்வதுபோலச் சொன்னார்: "இல்லப்பா. அப்ப எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு."

எழுந்துபோய் ஸ்பானர் கொண்டுவந்தார். நாலு போல்ட்டையும் கழற்றினார். சட்டத்தோடு மகள் கையில் கொடுத்தார். கனத்தில் அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

அக்கா சாயங்காலப் பஸ்ஸில் போனாள். நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெரியவரை வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்ததும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார். கிழட்டு உடம்பானாலும் உள்ளே அந்தப் பழைய இரும்பு இருந்தது. மூன்று வாரம் ஊசி போட்டோம். புண்ணில் சிவப்புச் சதை தெரிய ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் ஓரங்கள் கூடி வந்தன.

ஆனால் வெல்டர் அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்கவில்லை.

கழற்றிய மறுநாள் காலை வழக்கம்போலப் பையைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. கூப்பிடப் போன மனைவி தனியாகத் திரும்பி வந்தாள். "நீங்களும் நானும் தூக்கிக்கலாமாம்" என்றாள். தூக்கினோம். இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. நாற்காலி விளிம்பில் அவர் முழங்கை இடித்தது. ஒரு வசவும் வரவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் தினமும் நாங்கள் இரண்டு பேர்தான். சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ வெல்டர் ஒரு குறை வைக்கவில்லை. புது மெத்தை வாங்கிப் போட்டார். அதைக்கூட வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒருமுறை மகள் கேட்டாள், "ஒரு தடவை உள்ளே போயிட்டு வாங்கப்பா. வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு."

"எனக்கு அங்கே என்ன வேலை?" என்றார். வேலை உண்மையிலேயே முடிந்துவிட்டது போன்ற குரல். அதற்கடுத்த மாதம் அவள் பதிப்பகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்துக்கொண்டு போய்விட்டாள். படத்தையும் எடுத்துப்போனாள், சட்டத்தை மட்டும் கழற்றிப் பட்டறையில் விட்டுவிட்டு.

பெரியவர் என்னிடம் அதைக் கேட்டது வெயில் காலம் தொடங்கிய பிறகு. கட்டு முடிந்து நான் எழுந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"படம்."

"என்ன படம்? அதான் எடுத்தாச்சே."

"மாட்டு."

எனக்குப் புரியவில்லை. "மறுபடியுமா? எதுக்கு?"

ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார். "மாட்டு. அவன்... வருவான். உக்காருவான்."

பட்டறைக்குப் போனேன். வெல்டர் ஒரு பெரிய கேட்டின் கீழ்க்கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து நெருப்பை நிறுத்தினார். முகமூடியை நெற்றிக்குத் தூக்கினார். சொன்னேன்.

"அவரு எப்படிச் சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன், இடைவெளிகளோடு. அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டார். நீல வெளிச்சம் வந்தது, நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாளும் பெரியவர் கேட்டார். அதற்கு மறுநாளும். புண் முழுதும் ஆறி, இனி நீங்கள் வரவேண்டாம் என்று அந்த வீட்டம்மா சொன்ன நாள் வரைக்கும் கேட்டார். நான் தினமும் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். வெல்டர் ஒரு நாள்கூட, வேலை இருக்கிறது, போங்கள் என்று சொல்லவில்லை. எத்தனை அவசர வேலையானாலும் நெருப்பை நிறுத்திவிட்டு, முகமூடியைத் தூக்கி, "அப்படியே சொல்லுங்க" என்பார்.